பேய்க்கதையும் வாடகைக் கணக்கும்: எடின்பரோவின் இரவு நடை

1773 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. இருட்டத் தொடங்கிய வேளையில் எடின்பரோ வந்து சேர்ந்த சாமுவேல் ஜான்சன், கேனன்கேட் தெருமுனையில் ஒரு விடுதியில் இறங்கியதும் நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லுக்குச் சொல்லியனுப்பினார். சற்று நேரத்தில் இருவரும் கைகோத்தபடி ஹை ஸ்ட்ரீட் ஏற்றத்தில் நடந்தார்கள். ஆங்கில அகராதியைத் தொகுத்த பெரிய மனிதருக்குத் தன் ஊரைக் காட்டுகிற பெருமை பாஸ்வெல்லுக்கு இருந்தது. கூடவே ஒரு கூச்சமும் இருந்தது. அந்த நேரத்தில் ஊர் நாறும். பல மாடிக் கட்டடங்களில் மாடிக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்தார்கள். மூடிய சாக்கடை கிடையாது. இரவானால் ஜன்னலைத் திறந்து, 'கார்டிலூ' என்று எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு, பகலெல்லாம் சேர்ந்த கழிவைத் தெருவில் கொட்டுவது நெடுநாள் வழக்கம். நகர அதிகாரிகள் கண்டிப்புக் காட்டி அதைக் குறைத்திருந்தார்கள். நாற்றம் மட்டும் போகவில்லை. ஜான்சன் அதைப் பற்றி முணுமுணுத்ததைப் பாஸ்வெல் பிற்பாடு தன் பயண நூலில் மறைக்காமல் பதிவுசெய்தார். தெருவின் அகலத்தையும் கட்டடங்களின் உயரத்தையும் விருந்தாளி மெச்சியதையும் சேர்த்தே எழுதினார்.

எடின்பரோவின் இரவு நடையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சியங்களில் இது ஒன்று. அழகையும் அசுத்தத்தையும் அது ஒரே மூச்சில் சொல்கிறது. அக்காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டக் 'கேடி' எனப்பட்ட ஏவலாட்கள் இருந்தார்கள். கடிதம் கொண்டுபோவார்கள், இரவில் விளக்கேந்தி முன்னால் நடப்பார்கள், எந்தச் சந்தில் எந்த மாடியில் யார் குடியிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். தங்களுக்கென்று சங்கமும் கட்டுப்பாடும் வைத்திருந்தார்கள். வீட்டு எண்கள் நிலைபெறாத ஊரில் அவர்களுடைய நினைவுதான் முகவரிப் புத்தகம்.

இன்று அதே தெருவில் மாலையானதும் வேறு வழிகாட்டிகள் நிற்கிறார்கள். கருப்பு மேலங்கி, கையில் விளக்கு அல்லது குடை, உரத்த குரல். ஒன்றரை மணி நேரம் முன்பின் நீளும் இந்த நடை பெரும்பாலும் பேய், கொலை, சூனியம், கொள்ளைநோய் ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1970களில் வேரூன்றிய இந்த வகை, 1980களுக்குப் பின் எடின்பரோவில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. வட அட்சரேகை 56 பாகைக்கு அருகிலுள்ள ஊர் என்பதால் பருவத்துக்குப் பருவம் இதன் தோற்றம் மாறும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகும். எட்டு மணிப் பேய்க்கதையை வெயிலில் நின்று கேட்க வேண்டியிருக்கும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்த நடைகள் நிற்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பேய் உலவுவதாகச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலானவை வாடகை கொடுக்க இயலாதவர்களும், கொடுத்தும் நல்ல இடம் கிடைக்காதவர்களும் வாழ்ந்து மடிந்த இடங்கள். பள்ளத்தாக்கைத் தாண்டி வடக்கே, செல்வர்கள் குடியேறிய அகன்ற புது நகரத் தெருக்களுக்குள் கூட்டம் போவது அரிது. பயத்தைத் தேடி நடப்பவர்கள் அறியாமலேயே ஒரு வறுமை வரைபடத்தில் நடக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வறுமைக்கு ஆவணம் உண்டு, தேதி உண்டு, தொகை உண்டு. பேய்க்கதையைவிட அது என்னை அதிகம் உலுக்குகிறது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். கோட்டை நிற்கும் பாறை, சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்த எரிமலையின் கழுத்தில் இறுகிய கல். பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் அதில் மோதி இருபுறமும் பிரிந்தது. பாறையின் மறைவில் கிழக்கே ஒரு நீண்ட மேடு கரையாமல் தப்பியது. அந்த மேட்டின் முதுகில்தான் கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை ராயல் மைல் இறங்குகிறது. தெருவின் இருபுறமும் மீன்முள்போல் சந்துகள் சரிகின்றன. வடக்கே பள்ளத்தாக்கில் ஏரி. 1513இல் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து தோற்ற பிறகு, தெற்கே புதிய மதில் எழுந்தது. பரவ இடமில்லாத ஊர் உயர்ந்தது. ஆறு, ஏழு மாடி, சரிவுப் பக்கத்தில் இன்னும் கூடுதல். ஒரே படிக்கட்டில் கீழறையில் கூலிக்காரரும், நடு மாடிகளில் வழக்கறிஞரும் பிரபுவும், உச்சியில் மீண்டும் ஏழைகளும் வாழ்ந்தார்கள்.

1767இல் ஜேம்ஸ் கிரெய்கின் திட்டப்படி புது நகரம் எழத் தொடங்கியதும் இந்த அடுக்கு கலைந்தது. வசதியுள்ளவர்கள் இரண்டு தலைமுறைக்குள் பள்ளத்தாக்கைக் கடந்து போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கூடங்களைத் தட்டி வைத்துத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவற்றை நிரப்பினார்கள். இன்றைய இரவு நடை காட்டும் 'பழைய நகரம்' பெருமளவு இந்தக் காலத்தின் எச்சம்.

மேரி கிங்ஸ் குளோஸ் இவற்றில் மிகப் புகழ்பெற்றது. இப்போது நகர மன்றக் கட்டடத்துக்கு அடியில் புதைந்திருக்கும் ஒரு சந்து அது. 1645இல் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளை உள்ளே வைத்து இருமுனையிலும் சுவரெழுப்பி அடைத்துச் சாகவிட்டார்கள், அவர்களின் ஆவிகள் இன்றும் அலைகின்றன என்பது பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட கதை. நகர மன்றப் பதிவுகள் வேறு செய்தி சொல்கின்றன. நோய் கண்ட வீட்டில் அடையாளத் துணி தொங்கவிடப்பட்டது. அடைபட்ட குடும்பங்களுக்கு உணவு அனுப்பப்பட்டது. பலர் ஊருக்கு வெளியே புறம்போக்கு வெளியில் போட்ட குடிசைகளுக்கு மாற்றப்பட்டார்கள். நகரம் நியமித்த மருத்துவர் ஜான் பாலிஷியஸ் நோய் தொற்றி இறந்தார். அவர் இடத்துக்கு ஜார்ஜ் ரே கூடுதல் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார். அருகிலுள்ள லீத் துறைமுகத்தில் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டார்கள். இவ்வளவு பெரிய சாவுக்கு நடுவில் ஒரு நகராட்சி ரொட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது, சுவரெழுப்பிய கதை அந்த மனிதர்களுக்கு இழைக்கப்படும் அநியாயமாகவே எனக்குப் படுகிறது. 2003 முதல் அங்கே முறையான காட்சியகம் இயங்குகிறது. அதன் வழிகாட்டிகள் இந்தக் கட்டுக்கதையை வெளிப்படையாக மறுக்கிறார்கள். அது பாராட்டுக்குரியது.

மேரி கிங் யார்? துணி வணிகம் செய்த விதவை, நான்கு குழந்தைகளின் தாய், 1644இல் இறந்தவர். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் பெயரில் சந்து அழைக்கப்படுவது எளிய காரியமில்லை. 1753இல் அந்தச் சந்தின் மேல்மாடிகளை இடித்து, கீழ்மாடிகளையே அடித்தளமாக்கி, வணிகர்களுக்கான ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை எழுப்பினார்கள். அதுதான் இன்றைய நகர மன்றம். எஞ்சிய பகுதியில் ஆட்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். கடைசியாக வெளியேறியவர் ரம்பம் செய்யும் ஆண்ட்ரூ செஸ்னி, ஆண்டு 1902. ஊரின் அதிகார பீடம் ஏழைகளின் வீட்டுக்கூரைமேல் அப்படியே அமர்ந்திருக்கிறது. இரவு நடையில் கூட்டம் அதிகம் மொய்ப்பது இங்கே ஓர் அறையில் குவிந்துகிடக்கும் பொம்மைகளிடம்தான். 1990களில் ஜப்பானியப் பெண் ஒருவர், தாயைப் பிரிந்த ஒரு சிறுமியின் ஆவியைத் தாம் உணர்ந்ததாகச் சொல்லிப் பொம்மை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

சவுத் பிரிட்ஜின் நிலவறைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1785க்கும் 1788க்கும் இடையில் கட்டிய பாலம். 19 வளைவுகளில் வெளியே தெரிவது கவ்கேட் தெருவின் மேலுள்ள ஒன்றுதான். மற்றவற்றைக் கட்டடங்கள் மூடிக்கொண்டன. உள்ளே கிடைத்த இடங்கள் பட்டறையாகவும் சரக்கறையாகவும் மதுக்கடையாகவும் ஆயின. நீர் இறங்காமல் தடுக்கும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. சுவர் கசிந்தது, சரக்கு கெட்டது, வணிகர்கள் போனார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் வந்தார்கள். 1980களில் முன்னாள் ரக்பி வீரர் நோரி ரோவன் அடைபட்ட நிலவறைகளை மீண்டும் கண்டெடுத்தார். இடிபாட்டைத் தோண்டியபோது கிடைத்தவை சிப்பி ஓடுகள், மருந்துப் புட்டிகள், தட்டுகள், விளையாட்டுப் பொருள்கள். சூரிய ஒளி நுழையாத அறையில் ஒரு குழந்தை விளையாடியிருக்கிறது என்று அந்தப் பொருள் சொல்கிறது. வழிகாட்டிகள் பலர், புர்க், ஹேர் என்ற கொலையாளிகள் இங்கே பிணங்களைப் பதுக்கியதாகச் சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது.

அந்த இருவரைப் பற்றி நின்று பேச வேண்டும். ஏனெனில் எடின்பரோ இரவு நடைகளில் மிக அதிகம் சொல்லப்படுவதும், மிகத் தவறாகச் சொல்லப்படுவதும் அவர்கள் கதைதான். வில்லியம் புர்க், வில்லியம் ஹேர் இருவரும் அயர்லாந்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். கல்லறை தோண்டும் திருடர்கள் என்று அவர்களைச் சொல்வது பிழை. வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேரும் அவர் மனைவியும் நடத்திய மலிவு விடுதியில் 1827 நவம்பரில் ஒரு முதிய குடித்தனக்காரர் நோயால் இறந்தார். அவர் தர வேண்டிய பாக்கி 4 பவுண்டு. அந்தக் கடனை ஈடுகட்ட உடலை உடற்கூறியல் ஆசிரியர் டாக்டர் ராபர்ட் நாக்ஸிடம் கொண்டுபோனார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். எல்லாம் இங்கிருந்து தொடங்கியது. அடுத்து வந்த மாதங்களில் 16 பேரைக் கொன்று விற்றார்கள்.

அந்த விலை ஏன் கிடைத்தது? கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் போன்ற மிகச் சிலவே மருத்துவப் பள்ளிகளுக்குச் சட்டப்படி கிடைத்து வந்தன. மாணவர்கள் பெருக, உடல்கள் போதவில்லை. புதைத்ததைத் தோண்டி விற்பவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அஞ்சி, வசதியுள்ளவர்கள் புதைகுழிமேல் கனமான இரும்புக் கூண்டு பொருத்திக்கொண்டார்கள். கிரேஃப்ரையர்ஸ் தேவாலய இடுகாட்டில் அத்தகைய கூண்டுகளை இன்றும் பார்க்கலாம். உள்ளிருப்பது வெளியே வந்துவிடாமல் தடுப்பதற்கு என்று சிலர் கதை கட்டுவார்கள். வெளியிலிருந்து வருபவனைத் தடுக்கத்தான் அந்தக் கம்பிகள். கூண்டுக்குக் காசில்லாதவர்களின் உறவினர்கள் உடல் அழுகும் வரை இரவெல்லாம் காவல் இருந்தார்கள்.

புர்க்கும் ஹேரும் தேர்ந்தெடுத்தவர்கள் தேடிவர ஆளில்லாதவர்கள்: வெளியூரிலிருந்து வந்த கிழவி, விடுதியில் ஒரு ராத்திரி தங்க வந்தவள், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த, மனவளர்ச்சி குன்றிய ஜேமி என்ற இளைஞர். 1828 அக்டோபர் 31 இரவு அயர்லாந்துக்காரி மார்கரெட் டோகர்ட்டியைக் கொன்று வைக்கோலுக்கு அடியில் மறைத்தார்கள். அதைக் கண்டுபிடித்தது அதே வீட்டில் தங்கியிருந்த ஆன் கிரே, ஜேம்ஸ் கிரே தம்பதி. வாயை மூடிக்கொண்டால் வாரம் 10 பவுண்டு வரும் என்று அவர்களிடம் பேரம் பேசப்பட்டது. ஒண்ட இடமில்லாமல் பிறர் தயவில் தங்கியிருந்தவர்களுக்கு அது கனவிலும் காணாத பணம். அவர்கள் மறுத்துவிட்டுக் காவல் துறைக்குப் போனார்கள். இரவு நடைகளில் புர்க்கின் பெயர் ஒலிக்கும் அளவுக்கு ஆன் கிரேயின் பெயர் ஒலிப்பதில்லை. ஒலிக்க வேண்டும்.

ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினார். நாக்ஸ்மீது வழக்கே இல்லை. புர்க் 1829 ஜனவரி 28 அன்று லான்மார்க்கெட்டில் பெருங்கூட்டத்தின் முன் தூக்கிலிடப்பட்டார். அவர் உடல் அறுத்துப் பாடம் நடத்தப்பட்டது, எலும்புக்கூடு பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1832இல் வந்த உடற்கூறியல் சட்டம் பிணத் திருட்டை ஒழித்தது. எப்படி? ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தர அனுமதித்ததால். கொலையாளிகள் யாரைத் தேடிப் பிடித்தார்களோ, அதே மக்களின் உடல்களைச் சட்டம் இப்போது கொலையின்றிக் கொண்டுவந்து சேர்த்தது. கதை கொலையாளியின் தூக்கோடு முடிந்துவிடுவதால், கேட்பவர்களுக்கு இது தெரியாமலே போகிறது.

கிரேஃப்ரையர்ஸுக்கு இன்னொரு புகழும் உண்டு. 1679இல் பாத்வெல் பிரிட்ஜ் போரில் தோற்ற கவனன்டர்கள், அதாவது மன்னரின் மதத் தலையீட்டை எதிர்த்த பிரஸ்பிட்டேரியன்கள், சுமார் 1,200 பேர் எடின்பரோவுக்கு ஓட்டிவரப்பட்டார்கள். பலர் இந்த இடுகாட்டை ஒட்டிய வெளியில் மாதக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டார்கள். எஞ்சியவர்களில் சுமார் 250 பேரை அடிமைகளைப்போல் கப்பலேற்றி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் ஆர்க்னித் தீவுகளுக்கு அருகே கப்பல் உடைந்து பெரும்பாலோர் மூழ்கினார்கள். இவர்களைக் கடுமையாக ஒடுக்கிய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சியின் சமாதி மண்டபமும் இதே இடுகாட்டில்தான் இருக்கிறது. அவருடைய ஆவி ஆட்களைத் தாக்குவதாகச் சொல்லி 1999 முதல் இரவு நடைகள் நடக்கின்றன. தேசிய நூலகமாகப் பின்னாளில் வளர்ந்த வழக்கறிஞர் நூலகத்தை நிறுவியதும் இதே மெக்கன்சிதான் என்பதைச் சொன்னால் பேய்க்குச் சுவை குறையும்போலும். அந்த ஆவி 'எழுந்த' கதை இப்படிச் சொல்லப்படுகிறது: 1998 குளிர்காலத்தில், தெருவில் வாழ்ந்த ஒருவர் ஒதுங்க இடம் தேடி மண்டபத்துக்குள் புகுந்தார், தளம் உடைந்து எலும்புகள்மேல் விழுந்தார், அன்றிலிருந்து ஆவி அமைதியிழந்தது. இதைக் கேட்டு அந்த ஆவியைப் பற்றி எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். அந்த மனிதருக்கு அன்றிரவு படுக்க இடம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நடையில் நேரம் இருப்பதில்லை.

சூனியக்காரிகளின் கதை கோட்டை வாசலில் தொடங்கும். 1563இல் சூனியத்துக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் ஸ்காட்லாந்தில் வந்தது. 1736 வரை நீடித்தது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்த தரவுத்தளத்தில் அக்காலத்தில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 3,837 பேர், பெரும்பாலோர் பெண்கள். 1894இல், கொல்லப்பட்டவர்களின் நினைவாகக் கோட்டை வாசலருகே சிறிய குடிநீர்க் குழாய் ஒன்றைச் சுவரில் அமைக்கச் செய்தவர் பேட்ரிக் கெடஸ். ஓவியர் ஜான் டங்கன் அதை வடிவமைத்தார்.

கெடஸ் பெயர் தமிழ்நாட்டின் நகரமைப்பாளர்களுக்குத் தெரியும். உயிரியலாளராகத் தொடங்கிய இவர் 1880களில், திருமணமான புதிதில், செல்வர்கள் கைவிட்ட லான்மார்க்கெட் பகுதியின் ஜேம்ஸ் கோர்ட்டில் மனைவி அன்னாவுடன் குடியேறினார். நண்பர்கள் புது நகரத்தில் வீடு பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் ஏழைகளின் அண்டை வீட்டுக்காரர்களாகி, சுவருக்குச் சுண்ணாம்படித்து, முற்றத்தைத் துப்புரவாக்கி, பாழ்மனைகளைத் தோட்டமாக்கினார்கள். 1892இல் கோட்டை அருகே ஒரு கோபுரத்தை வாங்கி 'அவுட்லுக் டவர்' என்று பெயரிட்டார். அவரே ஒரு வழிகாட்டி. வந்தவரை மூச்சிரைக்க நேரே உச்சிக்கு ஏற்றிக் கூட்டிப்போவார். அங்கே இருட்டறையில், மேலே பொருத்திய கண்ணாடியும் வில்லையும் வெளியிலிருக்கும் நகரத்தை ஒரு வெள்ளை மேசைமேல் விழச்செய்யும். வண்டி ஓடுவதும் ஆள் நடப்பதும் உள்ளங்கையளவில் அசையும். பிறகு மாடி மாடியாக இறங்கவேண்டும்: எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, உலகம். அந்த மேசைக்கு உயிர் பகல்வெளிச்சம்தான். பொழுது சாய்ந்தால் அதில் ஒன்றும் தெரியாது.

1914இல் கெடஸ் இந்தியாவுக்கு அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் கப்பலோடு மூழ்கின. மூழ்கடித்தது எம்டன், அதற்குச் சில வாரங்கள் முன்பு சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல். நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் தெருக்களில் நடந்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளை அறுத்து நேர்த்தெருக்கள் போடும் திட்டம் முன்வைக்கப்பட்டிருந்தது. வீடு வீடாகப் பார்த்து, இடிந்தவற்றை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளையே சற்று விரித்து, சிறு திறந்தவெளிகளை உருவாக்கினால் போதும் என்று அவர் காட்டினார். ஜேம்ஸ் கோர்ட்டின் சந்துகளில் கற்ற பாடம் அது. அங்கே குடியிருந்து பெற்ற அறிவு தஞ்சைக்கு வந்தது.

இரவு நடைகள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துபோகும் ஓர் இடம் ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. பெயர் பெய்ஸ்லி குளோஸ். 1861 நவம்பர் 24, நள்ளிரவு கடந்த நேரத்தில், எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த பழைய அடுக்குக் கட்டடம் அப்படியே சரிந்தது. 35 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஜோசப் மெக்ஐவர் என்ற சிறுவன், தான் இன்னும் சாகவில்லை, விடாமல் தோண்டுங்கள் என்று குரல் கொடுத்தான். உயிரோடு எடுத்தார்கள். சந்தின் வாயில் வளைவில் அவன் முகமும் அந்தச் சொற்களும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த விபத்துக்கு அடுத்த ஆண்டு, நகரம் ஹென்றி லிட்டில்ஜானை முதல் நகர்நல அலுவலராக நியமித்தது. சந்து சந்தாகச் சென்று அவர் எழுதிய 1865ஆம் ஆண்டு அறிக்கை, எந்தப் பகுதியில் எத்தனை பேர் நெருக்கி வாழ்கிறார்கள், எங்கே சாவு அதிகம் என்பதைக் கணக்காக வைத்தது. 1867இல் வில்லியம் சேம்பர்ஸ் நகரத் தலைவராக இருந்தபோது சீரமைப்புச் சட்டம் வந்தது. மோசமான குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதிய தெருக்கள் போடப்பட்டன. புது வீடுகள் கட்டுவதைப் பெரும்பாலும் தனியாரிடம் விட்டதால், இடிபட்ட வீட்டில் இருந்தவர்கள் பக்கத்துச் சந்துகளில் மேலும் நெருங்கினார்கள். வழிகாட்டியாக எனக்கு ஒரே ஒரு நிறுத்தம் தரப்பட்டால் நான் தேர்வது இந்த வாயிலைத்தான். இருட்டில் நடந்த உண்மையான பயங்கரம், காப்பாற்றப்பட்ட உயிர், அதன் விளைவாக எழுந்த பொதுச் சுகாதார நிர்வாகம், அந்த நிர்வாகத்தின் குறை எல்லாமே பத்தடி அகலத்துக்குள் இருக்கின்றன.

1995 முதல் பழைய நகரமும் புது நகரமும் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். இடிந்துவிழும் ஆபத்து இப்போது இல்லை. வாடகை ஆபத்து இருக்கிறது. அந்தச் சந்துகளின் மாடிவீடுகள் பல, சில நாள் தங்கும் பயணிகளுக்கான வாடகை வீடுகளாக மாறின. 2022 செப்டம்பரில் நகரம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, முழு வீட்டை இப்படி விடுவதற்குத் திட்ட அனுமதி தேவை என்றாக்கினார்கள். 2023 நவம்பரில் நகர மன்றம் வீட்டுவசதி நெருக்கடி நிலையை அறிவித்தது. 2025 ஜனவரியில், இரவு தங்கும் பயணிகளின் அறைக்கட்டணத்தில் 5 விழுக்காடு வரி விதிக்க முடிவெடுத்தது. நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஜூலை 24 குறிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி வீட்டுவசதிக்கு ஒதுக்கப்படும். அந்த முடிவுகளை எடுத்த நகர மன்றம் நிற்பது மேரி கிங்கின் சந்துக்கு மேலே.